தாத்தாவின் மீன் தொட்டியில் ஒரு குகை

எங்கள் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தாத்தாவின் மீன் தொட்டி இருக்கிறது. நீளம் இரண்டடி; ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில் அவர் அதை வாங்கினார். காலையில் தேநீர்க் குவளையோடு அதன் முன் அமர்ந்தால், தேநீர் ஆறிப்போவதுகூட அவருக்குத் தெரியாது. நான் படிவம் இரண்டில் படித்தபோது அந்தத் தொட்டியில் எட்டு கப்பி மீன்களும், ஆறு நியோன் டெட்ரா மீன்களும், மீசை வைத்த இரண்டு குட்டிக் கெளுத்திகளும் இருந்தன.

கெளுத்திகளை நாங்கள் பார்ப்பதே அரிது. நீர் வடிகட்டிக்குப் பின்னால் உள்ள இடுக்கில் பகலெல்லாம் ஒண்டிக் கிடக்கும். “பாவம், ஒளிந்துகொள்ள வேறு இடமில்லை. பயந்த மீனுக்கு ஒரு பொந்து இருந்தால்தான் துணிந்து வெளியே வரும்,” என்று தாத்தா சொல்வார். அப்போது அவருக்குக் கண்புரை முற்றியிருந்தது. கண்ணெதிரே நீந்தும் டெட்ராக்களே புகைக்குள் ஓடும் கோடுகளைப்போல்தான் தெரிந்தன. இருந்தாலும் கெளுத்திகள் வெளியே வரவில்லை என்பது மட்டும் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் தாத்தாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு தைப்பிங்கில் பெரியம்மா வீட்டில் பத்து நாள் தங்கினார். புறப்படும்போது, “மீன்களை உன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன், தம்பி,” என்றார். அவர் திரும்பி வந்து தெளிந்த கண்ணோடு தொட்டியைப் பார்க்கும்போது, அதில் நான் கட்டிய குகை ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடையில் செயற்கைக் குகை ஒன்றின் விலை 48 ரிங்கிட். என் உண்டியலில் இருந்ததோ 17 ரிங்கிட். ஆனால், ஈப்போவில் இருப்பவனுக்குக் கல்லுக்கா பஞ்சம்? ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். தைப்பூசத்திற்குக் காவடிகள் செல்லும் கல்லுமலைக் கோயிலும் அத்தகைய மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பூச்செடிப் பாத்திக்கு எல்லையாக வைத்த வெள்ளைக் கற்களே பத்துப் பன்னிரண்டு கிடந்தன. கல் இருந்தது, ஒட்டுவதற்குப் பசைதான் வேண்டியிருந்தது.

முதலில் பள்ளிக் கைவினைக்கு வாங்கிய வெள்ளைப் பசையை எடுத்தேன். இரண்டு சிறு கற்களை ஒட்டிக் காயவைத்து, வாளித் தண்ணீரில் போட்டேன். மறுநாள் காலையில் கற்கள் தனித்தனியே கிடந்தன. தண்ணீர் கழுநீரைப்போல் கலங்கியிருந்தது. நீரில் கரையும் பசை நீருக்குள் நிற்காது என்று புரிந்துகொண்டேன். அதை வாளியில் சோதித்துப் பார்க்கத் தோன்றிய எனக்கு, அடுத்த பசையையும் அவ்வாறே சோதிக்க ஏன் தோன்றவில்லை என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பசை எங்கள் சாமான் அறையிலேயே கிடைத்தது. குளியலறையைச் சீரமைத்தபோது மீந்துபோன சிலிக்கோன் குழாய் அது. மீன் தொட்டியின் கண்ணாடிகளையே சிலிக்கோனால்தானே ஒட்டுகிறார்கள்? அப்படியானால் இதுவும் பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதோடு, பூஞ்சை பிடிக்காது என்று குழாயின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. எப்போதும் ஈரத்திலேயே இருக்கப்போகும் குகைக்கு இதைவிடப் பொருத்தமான பசை எங்கே கிடைக்கும் என்று மகிழ்ந்துபோனேன்.

ஓர் இரவு முழுக்க வேலை செய்தேன். சிலிக்கோனைத் தாராளமாகப் பிதுக்கி, ஏழு கற்களை வளைவாக அடுக்கி ஒட்டினேன். வினிகர் வாடை மூக்கைத் துளைத்தது. மறுநாள் நண்பகலில் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நினைத்துக் குகையைத் தொட்டிக்குள் இறக்கினேன். அன்று மாலையே கெளுத்திகளில் ஒன்று அதற்குள் நுழைந்தது. தங்கை கைதட்டினாள். நான் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தேன்.

மறுநாள் காலையில் டெட்ராக்கள் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. இரண்டு ஏற்கெனவே செத்து மிதந்தன. எனக்குக் கைகால் ஓடவில்லை. அம்மாதான் வாளியில் தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். குளோரின் நீக்கும் மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, எஞ்சிய மீன்களை வலையால் அள்ளி அதில் விட்டோம். அன்று மாலைக்குள் ஆறு டெட்ராக்களும் மூன்று கப்பிகளும் இறந்துவிட்டன. குகைக்குள் புகுந்த கெளுத்தி வெளியே வரவேயில்லை. குகையைத் தூக்கிப் பார்த்தபோது அது ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது.

அதற்கு அடுத்த நாள், மாமா தம் காரில் தாத்தாவை அழைத்து வந்தார். தண்ணீர் மாற்றிய தொட்டியில் ஐந்து கப்பிகளும் ஒரு கெளுத்தியும் மட்டும் இருந்தன. தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தொட்டியிடம்தான் போனார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“கண்ணாடி இப்போது பளிச்சென்று தெரிகிறது. மீன்கள்தாம் குறைவாகத் தெரிகின்றன,” என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, “அந்தக் குழாயைக் கொண்டு வா,” என்றார். வாசிப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு, குழாயை விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த ஆங்கில எழுத்துகளில் ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றது. குழாயை என்னிடம் நீட்டி, “நீ படி,” என்றார்.

மீன் தொட்டிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து பத்தே நாளான கண் கண்டுபிடித்ததை, பதினான்கு வயதுக் கண் தேடியே பார்க்கவில்லை.

தாத்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது.

மாமா கண்ணாடியும் அலுமினியமும் பொருத்தும் வேலை செய்பவர். சிலிக்கோன் துப்பாக்கியைப் பிடித்துப் பிடித்து அவருடைய வலது உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, என் குகையைக் கையில் எடுத்து, பேனாக்கத்தியால் ஓர் ஒட்டை அறுத்துக் காட்டினார். மேல்தோல் இரப்பரைப்போல் கெட்டியாக இருந்தது. உள்ளேயோ இன்னமும் பசைபசையாக இருந்தது. வினிகர் வாடையும் வீசியது. ஒட்டிப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை என்றாலும், நான் அதை அவ்வளவு தடிமனாகப் பூசியிருந்தேன்.

“மருமகனே, காய்வது வேறு, இறுகுவது வேறு,” என்றார் மாமா. “சிலிக்கோன் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கி இறுகும். வெளியிலிருந்து உள்நோக்கித்தான் அது இறுகும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்றே போகாத இடத்தில் இன்னும் அதிக நாள் ஆகும். இறுகும்போது அது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். வாடை இருக்கும்வரை அமிலம் வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். அதை நீ தண்ணீருக்குள் விட்டாய்.”

“அப்படியென்றால் ஒரு வாரம் காத்திருந்தால் மீன்கள் பிழைத்திருக்குமா, மாமா?”

“இந்தக் குழாயாக இருந்தால் அப்போதும் நான் நம்பமாட்டேன். பூஞ்சை பிடிக்காது என்று போட்டிருக்கிறதே, அது எப்படிப் பிடிக்காமல் இருக்கும்? பூஞ்சையைக் கொல்லும் மருந்தை உள்ளே கலந்திருக்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்தால்தான் வேலை செய்யும். குளியலறைச் சுவரில் கசிந்தால் தண்ணீரோடு போய்விடும். இரண்டடித் தொட்டியில் எங்கே போகும்?”

எந்தச் சொல்லைப் படித்து நான் மகிழ்ந்தேனோ, அந்தச் சொல்லே எச்சரிக்கையாக இருந்திருக்கிறது. அமிலம் எவ்வளவு கெடுத்தது, மருந்து எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை என்றும் மாமா சொன்னார். இரண்டையும் ஒன்றாகத் தொட்டிக்குள் இறக்கியவன் நான்.

பிறகு அவர் தம்முடைய வேலைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பசையாக எடுத்துத் தரையில் வைத்தார். செருப்புக்கும் தோலுக்கும் பூசும் மஞ்சள் பசையை உடனே ஒதுக்கினார். மூடியைத் திறந்தாலே தலையைச் சுற்றவைக்கும் கரைப்பான் அதில் இருக்கிறது. அது தண்ணீருக்குள் போகவே கூடாது. சூடாக்கி உருக்கும் குச்சிப் பசையால் மீனுக்குப் பெரிய கேடில்லை. ஆனால், ஈரத்தில் வழுவழுப்பான கல்லைவிட்டு உரிந்து வந்துவிடும். சிமெண்டு இறுகினாலும் அதிலிருந்து சுண்ணாம்புத் தன்மை வாரக்கணக்கில் நீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். பல நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கே அது பொருந்தும்.

எபோக்சி என்பது இரண்டு பொருளைக் கலந்தால் இறுகும் பசை. களிமண்ணைப்போல் பிசையும் வகையும் உண்டு. சொன்ன அளவில் இரண்டையும் சீராகக் கலக்க வேண்டும். ஒன்று கூடிவிட்டால், சேராத மிச்சம் நீரில் கசியும். உலோகத்தூள் கலந்த எபோக்சி இரும்புக் குழாய்க்குத்தான் பொருந்தும். தொட்டிக்கு என்று குறிப்பிட்டு விற்பதை மட்டுமே வாங்க வேண்டும்.

எனக்கு வியப்பளித்தது சூப்பர் குளூதான். விரலில் பட்டாலே ஒட்டிக்கொள்ளும் அந்தப் பசை கட்டாயம் நஞ்சாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால், கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பவளத்துண்டுகளைப் பாறையில் ஒட்ட அதைத்தான் பயன்படுத்துகிறார்களாம். சயனோஅக்ரிலேட் என்னும் பொருளால் ஆன அந்தப் பசை, ஈரம் பட்டதும் இறுகிவிடும். நன்றாக இறுகிய பின்னர் மீனுக்குத் தீங்கு செய்யாது. பிற்பாடு நூலகத்தில் அதன் வரலாற்றைப் படித்தேன். 1942-இல் அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான நெகிழியைத் தேடியபோது இந்தப் பொருளைக் கண்டார். தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டதால் தொல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1958-இல்தான் அது பசையாக விற்பனைக்கு வந்தது.

“கூழ் வடிவில் உள்ளதை வாங்கு. நீர்போல் ஓடுவதைப் பஞ்சில் விட்டுவிடாதே; சட்டென்று சூடேறிக் கையைச் சுட்டுவிடும்,” என்று மாமா எச்சரித்தார். அந்தப் பசை சிறு கற்களுக்கு நன்று. கனமான கல்லில் தட்டினால் முறிந்துவிடும். கனமான கல்லுக்குச் சிலிக்கோன்தான் சரி. ஆனால், மீன் தொட்டிக்கு உகந்தது என்று குழாயிலேயே எழுதியிருக்க வேண்டும். பூஞ்சைத் தடுப்பு எதுவும் கலக்காத முழுச் சிலிக்கோனாக இருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன மாமா, கடைசியில் பசையை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு என் குகையின் கற்களைப் பிரித்தார். “முதலில் பசையே இல்லாமல் இதை நிற்கவைத்துக் காட்டு,” என்றார். நான் முயன்றேன், மூன்று முறை சரிந்தது. என் குகை முழுக்க முழுக்கச் சிலிக்கோனின் தயவில்தான் நின்றிருக்கிறது. ஒட்டு விட்டிருந்தால் தொட்டியின் கண்ணாடியே உடைந்திருக்கும்.

அப்போது தாத்தா சமையலறையிலிருந்து வினிகர் புட்டியோடு வந்தார். “பசையைப் பற்றியே பேசுகிறீர்களே, கல்லைக் கேட்டீர்களா?” என்று சொல்லி, ஒரு வெள்ளைக் கல்லின்மேல் சில துளிகள் விட்டார். கல்லின்மேல் சிறு குமிழிகள் பொங்கின. சுண்ணாம்புக்கல் அமிலத்தோடு சேரும்போது கரியமில வாயு வெளிவரும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். தொட்டிக்குள் அந்தக் கல் மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். கப்பிகள் அதைத் தாங்கும். மென்னீரை விரும்பும் டெட்ராக்களுக்கு அது ஒத்துவராது.

தாத்தா இளமையில் இரயில் தண்டவாளத்தை ஒட்டி நடந்து நடந்து ஊரின் கற்களை அறிந்தவர். “கிந்தா பள்ளத்தாக்கின் நடுவே நிற்பது சுண்ணாம்புக்கல். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல். அங்கிருந்து வரும் ஆற்றுக் கல் பொங்காது,” என்றார். அடுத்த வாரம் மூவரும் உலு கிந்தா பக்கம் ஓர் ஓடையருகே போனோம். நான் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கல்லையும் தாத்தா வாங்கி, கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அதில் மினுக்கும் துகள்களை இத்தனை ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்ப்பதில் அவருக்கு ஒரு குழந்தையின் மகிழ்ச்சி. ஆறு கற்களை மட்டும் எடுத்து வந்தோம். ஆறும் வினிகருக்குப் பொங்கவில்லை.

சோப்பு போடாமல், பழைய பல் துலக்கியால் கற்களைத் தேய்த்துக் கழுவினேன். தூசும் ஈரமும் இருந்தால் சிலிக்கோன் பிடிக்காது என்பதால் இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினேன். உண்டியல் பணம் முழுவதும் புதிய சிலிக்கோன் குழாய்க்கே போயிற்று. கடையில் நின்று அதன் எழுத்துகளை முன்னும் பின்னும் இரண்டு முறை படித்தேன், கடைக்காரர் சிரித்தார். அகலமான இரண்டு கற்களை அடியில் வைத்து, மற்றவற்றை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, பசையில்லாமலேயே ஒரு குகையை நிறுத்த அரைநாள் ஆனது. அதன் பிறகுதான் கற்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், குழிகளாகப் பார்த்து, சன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்கோனை வைத்தேன்.

பிறகு காத்திருப்பு. தாத்தா நாள்காட்டியில் தினமும் ஒரு கோடு போட்டார். நான் தினமும் குகையை முகர்ந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் வாடை போய்விட்டது என்றேன். தாத்தா முகர்ந்து பார்த்துவிட்டு, “உன் மூக்குக்கு அவசரம்,” என்றார். பத்து நாள் கழித்து வாளித் தண்ணீரில் மூழ்கவைத்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றினோம். இன்னும் ஒரு வாரம் சென்றது. விடுமுறை எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் தாத்தா கோடு போடவில்லை, “ம்” என்றார். குகையின் அடிக்கற்கள் மணலின்மேல் இல்லாமல் தொட்டியின் தளத்திலேயே உட்காரும்படி இறக்கிவைத்து, பிறகு சுற்றிலும் மணலைத் தள்ளினேன்.

கெளுத்தி அன்று குகைப் பக்கமே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் இரவில் தாத்தா என்னை மெதுவாகத் தட்டி எழுப்பி, விளக்கைப் போடாமலேயே அழைத்துப் போனார். குகையின் வாசலில் இரண்டு மீசைகள் அசைந்துகொண்டிருந்தன. நாங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாள் காலையில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆறு மணிக்கே எழுந்தேன். தாத்தா எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரக் கடைசியில் தங்கை பங்கோர் தீவில் பொறுக்கிய சங்கு ஒன்றைக் கொண்டுவந்து, குகை வாசலில் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் வினிகர் புட்டியை எடுத்து வந்து, அவள் கையிலேயே கொடுத்தேன். ஒரு துளி விட்டாள். சங்கு பொங்கியது. அவள் என்னைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள், பிறகு சங்கைத் துடைத்துத் தொலைக்காட்சியின்மேல் வைத்தாள்.